கோணம் பட்டறைக்கு வந்த எஃப்-5 விமானப் பின்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற ஜூன் மாத இறுதியில், நாகர்கோவில் கோணத்தில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவரிடம் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய உருக்குப் பின் (முளை) ஒன்றைக் கொடுத்து, அதைப் போலவே 40 பின்கள் செய்து தர முடியுமா என்று கேட்டார். பின் உள்ளங்கை நீளம் இருந்தது. விட்டம் ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டியது. ஒரு முனையில் தட்டையான தலை, மறுமுனையில் கழன்றுவிடாமல் பூட்டும் காட்டர் பின் நுழையக் குறுக்குத் துளை, உடம்பில் கிரீஸ் ஓடுவதற்குச் சன்னமான வாய்க்கால். கூடவே ஒரு துண்டுத்தாள் இருந்தது. அதில் 1620 என்று தொடங்கும் 13 இலக்க எண் ஒன்றும், அதன் பக்கத்தில் அமெரிக்கப் போர் விமானம் ஒன்றின் பெயரான ‘எஃப்-5’ என்ற குறிப்பும், கீழே எண்ணிக்கையும் எழுதப்பட்டிருந்தன. டிராயிங் இல்லை. கடினத்தன்மைச் சான்றும் முலாம் பூசியதற்கான சான்றும் கட்டாயம் வேண்டும் என்றும், சரக்கு வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்குப் போய் அங்கிருந்து ஓர் அருங்காட்சியகத்துக்குச் சேரும் என்றும், பில்லில் ‘மெஷின் பின்’ என்று போட்டால் போதும் என்றும் அவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் விமானப்படையில் சோவியத் வடிவமைப்பான மிக்-21 போர் விமானங்களில் ஏர்ஃப்ரேம் (விமான உடற்பகுதி) ஃபிட்டராக வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன். அதனால் நண்பர் என்னை அழைத்தார். கொட்டேஷன் கொடுக்கலாமா, கொடுத்தால் என்ன விலை போடலாம் என்பதே அவருடைய கேள்வி. அதற்குப் பதில் காண எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளில் பார்த்ததையும் அளந்ததையும் விவாதித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதுபோன்ற விசாரணை இன்னொரு பட்டறையின் வாசலுக்கும் வரக்கூடும்.

பட்டறையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டம் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்களைக் காணும் மாவட்டம். சின்னமுட்டம் படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை ஏதாவது ஒரு கரையில் படகுகள் ஏறி நிற்கும். புரொப்பல்லர் ஷாஃப்டும் கன்மெட்டல் புஷ்ஷும் கடைந்துகொண்டே இருக்க வேண்டும். மீதி மாதங்களில் குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் ரோலர்களும், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கான சில்லறை வேலைகளும் வரும். நண்பரின் கை சுத்தமானது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பிடித்துக் கடைவதை அவர் பெரிய விஷயமாகச் சொல்லிக்கொள்வதுகூட இல்லை. காவல்கிணறு தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருப்பதால், மெட்டீரியல் சான்றிதழ், ஆய்வு அறிக்கை போன்ற சொற்களும் எங்கள் பகுதிப் பட்டறைகளுக்குப் புதியவை அல்ல. இவற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பின்னால் வரும் முடிவு அவருடைய திறமையைக் குறைத்து மதிப்பிட்டு எடுக்கப்பட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

“அண்ணாச்சி, இது என்ன பெரிய வேலையா? போட் ஷாஃப்டுல பாதிகூட இல்ல. இ.என். 24-ல கடைஞ்சு தந்திரலாம்லா?” என்றுதான் அவர் தொடங்கினார். இ.என். 24 என்பது பட்டறைகளில் வழங்கும் ஓர் உருக்கு வகை.

எஃப்-5 எங்கிருந்து வந்தது

இந்திய விமானப்படை எஃப்-5 விமானத்தை ஒருபோதும் பறக்கவிட்டதில்லை. நான் அதைத் தொட்டதும் இல்லை. ஆனால் மிக்-21-ஐத் தெரிந்தவர்களுக்கு அது எதிர் வீட்டுக்காரர் மாதிரி. ஒரே காலத்தில், ஒரே தேவைக்கு, எதிரெதிர் முகாம்களில் பிறந்தவை இரண்டும்.

1950-களில் அமெரிக்கப் போர் விமானங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் எடை கூடி, விலையும் கூடிக்கொண்டே போயின. நார்த்ரோப் நிறுவனம் அதற்கு மாறாக, சிறியதும் எளிதில் பராமரிக்கக்கூடியதுமான ஒலிமிஞ்சு விமானம் ஒன்றைச் செய்ய முடியும் என்று வாதிட்டது. அந்த வாதத்துக்கு உயிர் கொடுத்தது ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜே85 என்ற குட்டி ஜெட் எஞ்சின். குவெயில் என்ற ஏமாற்று ஏவுகணையை ஓட்டுவதற்காக உருவான எஞ்சின் அது. எதிரியின் ரேடாரைக் குழப்பிவிட்டு விழப்போகும் ஒரு பொருளுக்காகப் பிறந்தது, இன்று அறுபது ஆண்டுகள் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தகைய எஞ்சின்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து உருவான என்-156எஃப் முன்மாதிரி, 1959 ஜூலை 30 அன்று நடந்த முதல் பறப்பிலேயே ஒலியின் வேகத்தைக் கடந்தது. அதன் உடன்பிறப்பான டி-38 பயிற்சி விமானம் அதே ஆண்டு ஏப்ரலில் பறந்திருந்தது. 1962-இல் நட்பு நாடுகளுக்கு இராணுவ உதவியாகக் கொடுப்பதற்கு எஃப்-5ஏ தேர்வானது. மேம்பட்ட எஃப்-5இ 1972 ஆகஸ்டில் பறந்தது. எஃப்-5இ-யின் ஒவ்வொரு எஞ்சினும் ஆஃப்டர்பர்னர் (பின்புறம் கூடுதல் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) போட்டால் சுமார் 5,000 பவுண்டு உந்துவிசை தரும். வேகம் ஒலியைப் போல 1.6 மடங்கு.

தாளில் இருந்த எண்ணின்படி நம் பின் விமானத்தின் சக்கரக் காலுக்கு, அதாவது லேண்டிங் கியருக்கு, உரியது. அதன் கதைக்குத் தேவையானது இதிலுள்ள எடைக் கணக்கு. எஃப்-5இ-யின் வெற்று எடை சுமார் 4,350 கிலோ. எரிபொருளும் ஆயுதமும் ஏற்றி எழும்பக்கூடிய உச்ச எடை 11,187 கிலோ. அதாவது தன் சொந்த எடையைப் போல இரண்டரை மடங்கை அதன் சக்கரக் கால்கள் ஓடுபாதையில் சுமக்கின்றன. எடை கூடாமல் அந்தச் சுமையைத் தாங்க வேண்டுமென்றால், அளவில் சிறிய, வலுவில் மிக உயர்ந்த உருக்குப் பாகங்களைத்தான் நம்ப வேண்டும். லேண்டிங் கியர் வடிவமைப்பில் அவர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் போனார்கள் என்பதற்கு இன்னொரு சான்று, எஃப்-5இ-யின் மூக்குச் சக்கரக் கால்: புறப்படும்போது அது நீண்டு விமானத்தின் மூக்கைச் சுமார் 3 டிகிரி கூடுதலாகத் தூக்கி, ஓடுதூரத்தைக் குறைக்கும். மெலிந்த உடம்பில் எல்லாமே கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஒரு பின்கூடத் தேவைக்கு மேல் தடிமன் இல்லை.

இந்த விமானம் 2,200-க்கும் மேல் செய்யப்பட்டது. கனடா, ஸ்பெயின், தென்கொரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் உரிமம் பெற்றுத் தயாரித்தோ பூட்டியோ பறக்கவிட்டார்கள். தைவான் மட்டும் 300-க்கும் மேல் செய்தது. 1987-இல் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு உதிரிக்கான வழிகள் குறுகின. அமெரிக்கக் கடற்படையே தன் பயிற்சிப் பிரிவில் எதிரி விமானமாக நடிக்க வைப்பதற்கு, சுவிட்சர்லாந்து கழித்துக் கட்டிய எஃப்-5-களைத் திரும்ப வாங்கியது. பிரேசிலும் தாய்லாந்தும் உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிப் புதுப்பித்துக்கொண்டன. 1975-இல் தென்வியட்நாம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட எஃப்-5-கள், உதிரி தீர்ந்ததும் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றுபோயின. அவற்றில் ஒன்றைச் சோவியத் ஒன்றியம் கொண்டுபோய் மிக்-21-உடன் மோதவிட்டுப் பார்த்தது. குறைந்த வேக வளைவுகளில் எஃப்-5 முந்தியது என்று மிக் பணியாளர்களான எங்களுக்குக் கேட்கக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. ஈரான் 1979 புரட்சிக்கு முன் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வாங்கியிருந்தது. புரட்சிக்குப் பின் அமெரிக்க உதிரி வருவது நின்றதால், அந்நாடு தானே செய்தும், கண்ட இடத்தில் தேடி வாங்கியும் அவற்றை ஓட்டி வருகிறது.

ஆகவே, உலகில் எங்கோ ஒரு எஃப்-5 ஒரு பின்னுக்காகக் காத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாருடையது என்பதுதான் கேள்வி.

அளவெடுப்பு

தாளில் இருந்த 13 இலக்க எண், மேற்கத்திய இராணுவங்களின் கிடங்குகளில் வழங்கும் கையிருப்பு எண். முதல் நான்கு இலக்கம் பொருளின் வகையைச் சொல்லும். 1620 என்றால் விமான லேண்டிங் கியர் பாகங்கள். எண் போலியாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த எண்ணில் விட்டமோ, உலோகமோ, முலாமோ இல்லை. அது கிடங்குக்காரருக்கான முகவரி. கடைசல்காரருக்கான டிராயிங் வேறு.

நண்பர் மைக்ரோமீட்டரை எடுத்தார். தலையை ஒட்டிய, தேயாத பகுதியில் 25.79 மி.மீ.; புஷ்ஷுக்குள் உரசித் தேய்ந்த நடுப்பகுதியில் 25.76. “அப்ப 25.8 போட்டு, மைனஸ்ல கொஞ்சம் விட்டிரலாம்” என்றார். படகு வேலையாக இருந்தால் அது சரியான தீர்ப்பு. பழையதை அளந்து, தேய்மானத்தைக் கூட்டி, பக்கத்து முழு எண்ணுக்குப் போவதுதான் வழக்கம்.

எனக்கு அந்த எண் உறுத்தியது. நார்த்ரோப் அங்குலத்தில் வரைந்த நிறுவனம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; 25.79 என்பது ஓர் அங்குலமும் இல்லை, மெட்ரிக்கில் சொல்லும்படியான அளவும் இல்லை. இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது விடை கிடைத்தது. அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு 0.397 மி.மீ.; 25.4-உடன் அதைக் கூட்டினால் 25.797. விமானப் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு இந்த 64-இல் ஒன்று பழகிய எண். சக்கரக் காலில் பின் நுழையும் காதுத் துளை நாள்பட்டு முட்டை வடிவாகவோ துருவேறியோ போனால், அதை ரீமர் போட்டு ஒரு படி பெரிதாக்கி, அதற்கேற்ற ‘ஓவர்சைஸ்’ பின்னைப் பூட்டுவார்கள். முதல் படி 64-இல் ஒன்று, அடுத்த படி 32-இல் ஒன்று. எங்கள் கையில் இருந்தது தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவந்த அளவு அன்று. எப்போதோ எங்கோ பழுது பார்க்கப்பட்ட ஒரே ஒரு விமானத்தின் ஒரே ஒரு துளைக்குப் பொருந்தும் அளவு.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் நிகழ்வின் மையம் இதுதான். தாளில் எழுதியிருந்த எண் சாதாரண அளவுப் பின்னுக்கு உரியதாக இருந்தால், சாம்பிளும் எண்ணும் வெவ்வேறு பொருள்கள். ஓவர்சைஸ் பின்னுக்கு உரியதாக இருந்தால், 40 எதற்கு? நாற்பது துளைகளும் ஒரே அளவுக்குத் தேய்ந்து, ஒரே படிக்கு ரீமர் போடப்பட்டிருக்க வாய்ப்பில்லை. டிராயிங் இருந்திருந்தால் இரண்டு வரியில் தீர்ந்திருக்கும் சந்தேகம் இது. டிராயிங் இல்லாத நிலையில், நண்பர் மிகத் துல்லியமாகக் கடைந்திருந்தால் அந்த 40 பின்களும் மிகத் துல்லியமாகத் தவறான அளவில் போய்ச் சேர்ந்திருக்கும். ஓர் அங்குலத் துளையில் அது நுழையாது. அங்கே அவசரத்தில் இருக்கும் ஃபிட்டர் என்ன செய்வார் என்பதை நான் அறிவேன். ஏனென்றால் அந்த அவசரத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஒன்று, நல்ல துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்குவார். அல்லது பின்னை கிரைண்டிங் செய்து சிறிதாக்குவார். முதல் வழியில் விமானத்தின் பாகம் வீணாகும். இரண்டாவதில் முலாம் போய், உருக்கு வெறுமேனியாக உப்புக் காற்றைப் பார்க்கும். முட்டம் கடற்கரையில் ஒரு வாரம் வெளியே கிடந்த ஸ்பானரைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தலையும் உடம்பும் சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு மெருகேற்றப்பட்டிருந்தது. நண்பர் அதை முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் அவரே சொன்னார், அங்கே கூர்மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும் என்று. அந்த வளைவின் ஆரம் என்ன, மேற்பரப்பில் சிறு குண்டுகளால் அடித்து இறுக்கும் ஷாட் பீனிங் செய்திருக்கிறார்களா என்பவை அளவுகோலுக்கு முழுமையாக அகப்படாத கேள்விகள்.

உலோகத்துக்கு வருவோம். தலையின் பக்கவாட்டில் எடுத்த சோதனையில் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 40-ஐத் தாண்டியது. இ.என். 24 என்று நம் பட்டறைகளில் வழங்கும் நிக்கல்-குரோம்-மாலிப்டினம் உருக்கு, விமானத் துறையில் 4340 எனப்படுவதற்கு நெருங்கிய உறவுதான். நண்பரின் ஊகத்தில் பெரிய பிழை இல்லை. அதை அந்தக் கடினத்தன்மைக்குப் பதப்படுத்தவும் முடியும். ஆனால் அந்தக் காலத்து லேண்டிங் கியர் பாகங்களில் வெற்றிடத்தில் மீண்டும் உருக்கித் தூய்மைப்படுத்திய உருக்கும் உண்டு, சாதாரண உருக்கும் உண்டு. இரண்டின் வேதிப் பகுப்பாய்வும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உள்ளே கசடு எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. கம்பி எந்த உருக்காலையின் எந்த உலையிலிருந்து வந்தது என்ற எண் அதனால்தான் விமான உதிரியோடு கடைசி வரை ஒட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் மணவாளக்குறிச்சி மணலில் டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் கொட்டிக் கிடக்கிறது. அது ஒரு நாள் விமானத்தில் ஏற வேண்டுமானால், உலைக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு படியிலும் அதன் பின்னே காகிதம் போக வேண்டும்.

முலாம்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது. பின்னில் மங்கிய தங்கச் சாயல் இருந்தது. நண்பர் அதை மஞ்சள் ஜிங்க் என்று நினைத்தார். ஹார்டுவேர் கடை போல்ட்டுகளில் நாம் தினமும் பார்ப்பது அதுதான். ஆனால் அந்தக் காலத்து விமான உருக்குப் பாகங்களில் அந்த நிறம் பெரும்பாலும் காட்மியம் முலாமின் மேல் குரோமேட் பூச்சு. காட்மியம் நஞ்சு, அதைப் பூசும் இடங்கள் குறைவு. நிறம் ஒன்றுதானே என்று ஜிங்க் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆபத்து நிறத்தில் இல்லை, முலாம் தொட்டியில் இருக்கிறது. மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உருக்குக்குள் நுழைகிறது. மென்மையான உருக்குக்கு அதனால் கேடில்லை. ராக்வெல் 40-ஐத் தாண்டிய உருக்கை அது நொறுங்குதன்மை கொண்டதாக மாற்றிவிடும். அதனால் முலாம் பூசிய 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, சுமார் 190 டிகிரி செல்சியஸில் 23 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது விமானத் துறையின் வழக்கமான விதி. அந்த வேக்காடு இல்லாத பின்னும், உள்ள பின்னும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மைக்ரோமீட்டருக்கும் ஒன்று. கடினத்தன்மைச் சோதனையிலும் ஒன்று. பூட்டிய பிறகு, சுமை தாங்கிக்கொண்டு சும்மா நிற்கும்போதே, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்து விரிசல் ஓடி ஒடியும். அதன் தாங்குதிறனுக்கு வெகு கீழான சுமையிலேயே ஒடியும்.

நண்பர் அன்று நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நாகர்கோவிலில் அவருக்குத் தெரிந்த முலாம் பட்டறையில் காலையில் போட்டதை மாலையில் தருவார்கள் என்று மட்டும் சொன்னார்.

காகிதம்

மிக்-21 உதிரிகள் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த காலத்தில், ஒவ்வொரு முக்கியப் பாகத்தோடும் ‘பாஸ்போர்ட்’ என்ற சிறு ஏடு வரும். எந்த ஆலை, எந்த நாள், எத்தனை மணி நேர ஆயுள், எந்த விமானத்தில் பூட்டினார்கள், எப்போது கழற்றினார்கள் என்று எல்லாம் அதில் ஏறும். பாகம் பளபளவென்று இருந்தாலும், ஏடு தொலைந்தால் அது பறக்க உதவாது. பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு இது வெறும் அலுவலகக் கெடுபிடியாகத் தோன்றியது. இந்தியாவுக்கு நல்வாய்ப்பாக, மிக்-21-ஐ அரசின் விமான நிறுவனமான எச்.ஏ.எல். நாசிக்கிலும் அதன் எஞ்சினைக் கோராபுட்டிலும் செய்யும் உரிமம் நம்மிடம் இருந்தது. இருந்தும் 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது, உதிரி தந்த ஆலைகள் பல நாடுகளில் சிதறிப்போயின. இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தைச் செய்த ஆலை ஜார்ஜியாவின் திபிலிசியில் மாட்டிக்கொண்டது. ஒரு விமானத்தில் கழற்றி இன்னொன்றில் பூட்டும் கேனிபலைசேஷன் அக்காலத்தில் எங்களுக்கு அன்றாடம். அந்த நெருக்கடியிலும் காகிதம் இல்லாத பாகத்தை எங்கள் ஹேங்கரில் பூட்டியதில்லை. 1963-இல் வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெறும் வரை அறுபது ஆண்டுக்கு மேல் ஓடியதில் இந்த ஏடுகளுக்கும் பங்கு உண்டு.

நண்பர் கேட்ட நியாயமான கேள்வி ஒன்று: “சான்று கேக்கிறாரு, நாம டெஸ்ட் பண்ணி, வந்த ரிப்போர்ட்டைக் குடுத்தா அது காகிதம்தானே அண்ணாச்சி?” எங்கள் சோதனை அறிக்கை, இந்தப் பின்னின் கடினத்தன்மை இவ்வளவு என்று சொல்லும். அந்தக் கடினத்தன்மைதான் வேண்டியது என்று சொல்லும் அதிகாரம் டிராயிங் வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. இந்தியாவில் இராணுவ விமானப் பாகம் ஒன்றை உள்நாட்டில் செய்வதென்றால், பெங்களூரில் உள்ள செமிலாக் என்ற இராணுவ விமானத் தகுதி அமைப்பு தகுதிச் சான்று வழங்க, டி.ஜி.ஏ.கியூ.ஏ. என்ற விமானத் தர உறுதி இயக்குநரகம் தரக் கண்காணிப்புச் செய்ய, அந்த வழியில்தான் போக வேண்டும். எங்கள் அறிக்கை அந்த இடத்தை நிரப்பாது. ஆனால் நிரப்பிவிட்டது போல யாரோ ஒருவருக்குக் காட்டப்படும். வியாபாரிக்கு வேண்டியதும் அந்தத் தோற்றம்தான் என்று நான் நினைக்கிறேன்.

அருங்காட்சியகக் கதைக்கு வருகிறேன். காட்சிக்கு நிற்கும் விமானத்துக்குப் பழைய, தேய்ந்த பின்னே போதும்; பல இடங்களில் சக்கரக் காலையே வெல்டிங் வைத்து நிறுத்திவிடுவார்கள். அதற்கு ராக்வெல் சான்று எதற்கு? பிரதான சக்கரக் கால்கள் இரண்டு என்பதால், ஓரிடத்துப் பின் விமானத்துக்கு இரண்டு தேவை; 40 என்றால் 20 விமானம். இருபது எஃப்-5-களைக் காட்சிக்கு வைத்து, எல்லாவற்றின் காலையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கும் அருங்காட்சியகம் எனக்குத் தெரிந்த உலகில் இல்லை.

எஃப்-5 உதிரிக்குக் கள்ளச் சந்தை இருப்பது கற்பனையும் அன்று. 2009 டிசம்பரில் மலேசியாவில் வெளிவந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம்: அந்நாட்டு விமானப்படையின் எஃப்-5-களுக்கான ஜே85 எஞ்சின்கள் இரண்டு 2007-இல் காணாமல்போய், தென் அமெரிக்காவரை போயிருந்தன. முழு எஞ்சினே கடல் கடக்கும்போது, சட்டைப்பையில் அடங்கும் பின் எம்மாத்திரம்? ஈரானிடம் மட்டும் எஞ்சியிருந்த எஃப்-14 போர் விமானத்தின் உபரி உதிரிகளை விற்பதை அமெரிக்கா 2007-இல் நிறுத்தி, ஓய்வு பெற்ற விமானங்களையே துண்டு துண்டாக நறுக்கியதும் இதே அச்சத்தால்தான்.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வெளிநாட்டு வணிக மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 1992-இன் கீழ் வரும், ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படும் பொருள்களின் ‘ஸ்காமெட்’ பட்டியலின் ஆறாம் பிரிவு படைக்கலங்களுக்கு உரியது. இராணுவ விமானங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட பாகங்களும் அதில் அடங்கும். பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதியும், பொருளை இறுதியில் பயன்படுத்துபவர் கையெழுத்திட்ட சான்றும் இல்லாமல் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. ‘மெஷின் பின்’ என்று பில் போடுவது இந்த இடத்தில் சாதாரணச் சுருக்கமாக நிற்காது. சுங்கத்துக்குக் கொடுக்கும் பொய் வாக்குமூலமாகிவிடும், அதில் கையெழுத்து நண்பருடையதாக இருக்கும். வியாபாரியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தோம்.

நண்பர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அதை அவருக்குக் குறையாகச் சொல்லவும் மாட்டேன். “நாம செய்யலேன்னா கோயம்புத்தூர்ல ஒருத்தன் செய்வான் அண்ணாச்சி” என்றார். செய்வார்தான். படகு ஷாஃப்ட் ஒடிந்தாலும் நடுக்கடலில் உயிர் போகும், அதற்கு யார் பாஸ்போர்ட் கேட்டார்கள் என்றும் கேட்டார். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொன்னது இது: படகு ஷாஃப்டில் அவருக்கு உலோகமும் தெரியும், சுமையும் தெரியும், படகுக்காரரையும் தெரியும், கோளாறு என்றால் மறுநாள் காலை அவர் பட்டறை வாசலில் நிற்பார். இந்தப் பின்னில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அவர் முழுமையாக ஒப்புக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வேலையை எடுப்பதற்கு முன் மூன்று காகிதங்களைக் கேட்டு எழுதலாம் என்பதற்குச் சம்மதித்தார்.

கடிதம் அரைப் பக்கம். பாகத்தின் டிராயிங்கும் அதைச் செய்து தர உரிமை உண்டென்பதற்கான ஆவணமும். இறுதிப் பயனாளர் யார் என்பதற்கான சான்று. ஏற்றுமதி அனுமதியை யார் பெறுவார் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. கூடவே சாம்பிளின் அளவு ஓவர்சைஸாகத் தோன்றுவதையும் குறிப்பிட்டோம். நேர்மையான வாங்குபவர் என்றால் அந்த ஒரு வரிக்காகவே நன்றி சொல்லித் திரும்ப அழைத்திருப்பார். வாட்ஸப்பில் போனது, படித்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நான்கு நாள் கழித்து அந்த எண் அணைந்திருந்தது.

விமானப் பாகத் தொழிலின் நேர்வழி இந்த ஊருக்கு மூடியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன், தொலைவில் இருக்கிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி. கன்னியாகுமரி அந்தப் பட்டியலில் இல்லை. இன்றைய நம் இலகு ரக ஒலிமிஞ்சு விமானமான தேஜஸ் கோவைக்கு அருகில் சூலூரிலிருந்து பறக்கிறது. அதற்கான பாகம் செய்யும் சங்கிலியில் ஒரு கடைசல் பட்டறை நுழைய வேண்டுமானால், விமானத் துறைக்கான ஏ.எஸ். 9100 தரச் சான்று பெற்று, டிராயிங் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் கீழ் சின்னஞ்சிறு பாகத்தில் தொடங்க வேண்டும். செலவும் காலமும் பிடிக்கும். நண்பர் அதற்கான விவரங்களைக் கேட்டு வைத்திருக்கிறார். ஜூலை முடிவதற்குள் குளச்சல் படகுகளுக்கான ஷாஃப்டுகளை முடித்தாக வேண்டும் என்பதால் அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

ஒன்பதாம் நாள், சாம்பிளை வாங்கிக்கொள்ள ஒரு பையன் பைக்கில் வந்தான். யார் அனுப்பியது என்று கேட்டதற்கு ஏதோ ஒரு கடையின் பெயரைச் சொன்னான். பின்னைத் துடைத்து, எண்ணெய் பூசி, மெழுகுத் தாளில் சுற்றினோம். ரசீது எழுத உட்கார்ந்த நண்பர் ‘எஃப்-5 பின்’ என்று தொடங்கினார். அது எஃப்-5-இன் பின்தான் என்பதற்கும் நம்மிடம் ஆதாரம் இல்லையே என்றேன். அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ‘தலையுள்ள உருக்குப் பின், விட்டம் 25.79 மி.மீ., பயன்படுத்தியது, எண்ணிக்கை 1’ என்று எழுதிப் பையனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.